சாமான் தேவையில்லாத வித்தை

போன சனிக்கிழமை ஒன்றுகூடலில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “என்ர பேரனுக்கு மஜிக் பழக ஆசை வந்திட்டுது. மற்றவையின்ர மனதை வாசிக்கிற வித்தையைப் பற்றிப் பழைய புத்தகங்கள் இருக்காம், அதுகள்தான் திறமாம். புதுசாப் பழகிறவனுக்கு அது சரிவருமோ? நீர் பிள்ளையளின்ர தமிழ் வகுப்பில காசை மறைச்சுக் காட்டிறனீர் எல்லோ, உமக்குத் தெரிஞ்சிருக்கும்.” நான் கையிலிருந்த வடையைக் கடித்துக்கொண்டு, உழுந்து விலையைப் பற்றி ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். கேட்டவருக்கு மனம் நொந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். வேண்டாம். ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள், ஏன் என்று கேட்பீர்கள். நீங்களும் என்னைப் போலத் தீவுப் பகுதியில் பிறந்து, உப்புக் காற்றில் தலைமயிர் பிசுபிசுக்க வளர்ந்தவர்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் எங்கள் ஊர் சரவணையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். இன்னும் வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆகவில்லை, ஆனால் ஆகப்போகிறேன் என்று வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்தபோது எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவனிடம் வாங்கியது. பச்சைத் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, திறந்தால் ஈர மாவின் மணம். முழுக்க ஆங்கிலம். கொழும்பில் யாரோ வெள்ளைக்காரன் மேடையில் நின்று சனங்களின் மனதில் இருப்பதைச் சொன்னானாம், மாமா அதைப் பார்த்து மலைத்துப் போயிருந்தார்.

“இதுக்குச் சாமான் ஒண்டும் தேவையில்லை, பிள்ளை. பெட்டி வேண்டாம், புறா வேண்டாம், பட்டுத் துணி வேண்டாம். சும்மா வெறுங்கையோட செய்யலாம். பழகத் தொடங்கிறவைக்கு இதுதான் லேசு,” என்றார்.

மாமா நல்ல மனுஷன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த உலகத்தில் நான் கேட்ட மிகப் பெரிய பிழையான கதை அதுதான். சாமான் இல்லாத வித்தை லேசானது என்று இன்றைக்கும் எத்தனையோ பேர் நினைக்கிறார்கள். போன சனிக்கிழமை வடையோடு கேட்டவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். சாமான் இல்லாவிட்டால் வித்தையைச் செய்வதற்கு மனுஷர்தான் சாமான். அதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை இருந்தது. நீளமான வசனங்கள். நான் அதை விட்டுவிட்டுப் படங்கள் இருந்த இடத்துக்குப் போனேன். எந்தப் பிள்ளைதான் முன்னுரை வாசிக்கும்?

அந்த வருஷம் பனாட்டுப் போடும் காலம் நீண்டுகொண்டே போனது. முற்றமெல்லாம் பாய் விரித்து, பனங்களி பூசி, வெயிலில் காய விட்டிருக்கும். குளவிகள் சுற்றும். களி பிசைந்து சின்னம்மாவின் கை முழங்கை வரை மஞ்சளாக இருக்கும். சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய புருஷன், எங்கள் சித்தப்பா, கலியாணம் முடித்த கையோடு வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போனவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினவர் திரும்ப ஏறவில்லை, கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று மட்டும் செய்தி வந்தது. செத்தாரா, இருக்கிறாரா, வேறு யாரோடும் வாழ்கிறாரா, ஒன்றும் தெரியாது. சின்னம்மா காலையில் முகம் கழுவிக் குசினி யன்னலில் கொழுவியிருந்த கண்ணாடிக்கு முன் நின்று, மோதிர விரலால் வட்டமாகக் குங்குமம் வைப்பார். அதைச் செய்யும்போது மட்டும் யாரோடும் கதைக்க மாட்டார்.

அம்மாவுக்குத் தொய்வு. காற்று மாறினால் மூச்சு இழுத்து இழுத்துப் படுத்துவிடுவார். மாடு, கோழி, சமையல், தம்பிமாரைக் குளிப்பாட்டல் எல்லாம் சின்னம்மாதான். இவ்வளவுக்கும் நடுவில் அவர் படித்தவர். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது கிடைத்தால் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் விடுதியில் தங்கிப் படிக்கலாம், பிறகு சம்பளம், தனக்கென்று ஒரு கதவு. இதை எனக்கு மட்டும் மாட்டுக் கொட்டிலில் வைத்துச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அவருக்கு முன்பல்லில் ஒன்று கொஞ்சம் சரிந்திருக்கும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

நான் அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பழகினேன். முதலில் பழகியது கைபிடித்துத் தேடுகிற வித்தை. ஒருவர் ஒரு பொருளை ஒளித்து வைக்க வேண்டும். நான் அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பிழையான பக்கம் திரும்பினால் அந்தக் கை கொஞ்சம் இறுகும். சரியான பக்கம் என்றால் இளகும். அவ்வளவுதான். ஒளித்தவரே என்னை இழுத்துக்கொண்டு போவார், தான் இழுக்கிறேன் என்று அவருக்கே தெரியாது. சின்னம்மா எனக்காகக் களிமஞ்சள் கையோடு தீப்பெட்டியை ஒளிப்பார், நான் கண்டுபிடிப்பேன், இரண்டு பேரும் சிரிப்போம். அவருடைய மணிக்கட்டில் நாடி துடிப்பது என் விரலில் படும்.

பள்ளிக்கூடக் கலைவிழாவில் அதைச் செய்தேன். சங்கீத ரீச்சர் தன்னுடைய மோதிரத்தை ஒளித்தார். நான் அவருடைய கையைப் பிடித்து மண்டபத்தைச் சுற்றி, ஆர்மோனியத்துக்குப் பின்னால் போய், துணியுறைக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்தேன். கைதட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. ரீச்சர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு திரைக்குப் பின்னால் வந்து, மெல்லிய குரலில், “வேற என்ன பிள்ளை தெரிஞ்சது?” என்று கேட்டார். அவருடைய முகத்தில் பயம் இருந்தது.

காசு மறைக்கும் வித்தை பிழைத்தால் காசு கீழே விழும். உருண்டு போய் யாருடைய கதிரைக்கடியிலோ கிடக்கும். எல்லாரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள், பொறுக்கிக்கொண்டு திரும்பத் தொடங்கலாம். சரிவந்தால், “எப்பிடிச் செய்தனீ?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இருக்கிற வரைக்கும் அது விளையாட்டு. மனதை வாசிக்கிற வித்தை சரிவந்தால் எப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்னும் என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். அப்போது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, நான் சின்னப் பிள்ளை.

அடுத்தது பக்கத்து வளவு மாமியின் மறியாடு. ஆட்டைக் காணவில்லை என்று அழுதுகொண்டு வந்து என் முன்னால் கையை நீட்டினார். எனக்கு ஆடு எங்கே என்று எப்படித் தெரியும்? ஆனாலும் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைப் பனங்கூடலுக்குள் இருந்த பாழ்கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தால் ஆடு உள்ளே செத்துக் கிடந்தது. மாமி என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

“நான் கண்டுபிடிக்கேல்லை மாமி. நீங்கள்தான் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். கிணத்துக்குள்ள விழுந்திருக்குமோ எண்டு உங்களுக்குள்ள ஒரு பயம் இருந்தது. அது கையில தெரியும். புத்தகத்தில கிடக்கு, வேணுமெண்டால் காட்டிறன்.”

“ஓம் ராசாத்தி,” என்றார் மாமி. “எனக்கே தெரியாததை என்ர கையில வாசிச்சியே. அதைத்தானே நாங்கள் தெய்வ வாக்கெண்டிறம்.”

பார்த்தீர்களா? வித்தையின் இரகசியத்தை நான் ஒளிக்கவேயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. அந்த மாமி ஊரெல்லாம் போய், பிள்ளைக்குப் பெருமை கொஞ்சமும் இல்லை, தான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்லுது என்று சொல்லித் திரிந்தார். பின்னேரங்களில் வெற்றிலையும் வாழைப்பழமும் கொண்டு ஆட்கள் எங்கள் படலையைத் திறக்கத் தொடங்கினார்கள்.

அப்பா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கர். காலையில் பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போய்ப் பின்னேரம் வருவார். எங்கள் பக்கத்தில் ஆங்கிலம் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்ததைக் கண்டு என்னை ஏசினார். “படிக்கிற பிள்ளை சாத்திரம் சொல்லுறதோ? கொண்டா அந்தப் புத்தகத்தை.” எனக்கு உண்மையில் சந்தோஷம். அப்பா வாசிப்பார், இது வெறும் கைவேலை என்று அவருக்கு விளங்கும், அவர் சொன்னால் ஊர் நம்பும் என்று நினைத்தேன்.

அவர் வாசித்தார். சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, பின்னேரம் பின்னேரமாக வாசித்தார். முன்னுரையையும் வாசித்திருப்பார், அவர் எதையும் முதலிலிருந்து வாசிக்கிறவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இந்த இடத்தைச் செய்து காட்டு பாப்பம்,” என்றார். மடித்த இரண்டு கடதாசித் துண்டுகளில் ஒன்றை மற்றவருக்குத் தெரியாமல் மாற்றுகிற பாடம் அது. நான் செய்து காட்டினேன். அவர் செய்தார், துண்டு மடியில் விழுந்தது. திரும்பச் செய்தார், திரும்ப விழுந்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்பா என்னோடு சேர்ந்து விளையாடியது என்று என் ஞாபகத்தில் இருப்பது அந்தக் கொஞ்ச நாள்தான். பெருவிரலை உள்ளே மடிக்க வேண்டும், கையைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவின் விரல்களில் சுருட்டு மணக்கும்.

ஊருக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் அவருக்கு முன்னால் மரியாதைக்குச் சால்வையை இறக்கிக் கட்டினார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

நவராத்திரி தொடங்கியிருந்த நேரம் சின்னம்மாவுக்குக் கலாசாலையிலிருந்து அழைப்பு வந்தது. நவராத்திரி முடிந்த கையோடு போய்ச் சேர வேண்டும். சின்னம்மா கடிதத்தைக் குசினிக்குள் கொண்டுபோய் மாப்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தேங்காய் துருவினார். அம்மா மூச்சிரைப்போடு, “போகட்டும், அவளும் எத்தினை நாளைக்கு,” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

அப்பா குரலை உயர்த்தவேயில்லை. “போறதெண்டால் போம். நான் மறிக்கேல்லை. ஆனால் நாளைக்கு உம்முடைய மனுஷன் வந்து படலையில நிண்டு, என்ர பெண்சாதி எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“அவர் வருவாரோ அத்தான்?” என்று சின்னம்மா கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அது எனக்குத் தெரியுமே? அம்மனுக்குத்தான் தெரியும். பூக்கட்டிக் கேப்பம். வெள்ளை வந்தால் அவர் இருக்கிறார், வருவார், நீரும் பொறுத்து இருக்க வேணும். சிவப்பு வந்தால் அவரை நினைச்சு இருக்கத் தேவையில்லை, நீர் போகலாம். பிள்ளை எடுக்கட்டும். அவளின்ர கை பிழைக்காது.”

இரண்டு கேள்விகளை எவ்வளவு அழகாக ஒன்றாய்க் கட்டினார் என்று பாருங்கள். போகலாமா, இருக்கலாமா என்பது ஒரு கேள்வி. புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால், போக விரும்புகிற பெண் புருஷன் வராமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவள் ஆகிவிடுகிறாள். சின்னம்மாவுக்கு வாய் திறக்க இடமில்லாமல் போனது. எதிரில் இருப்பவர் மறுக்க முடியாதபடி கேள்வியைக் கேட்பது எப்படி என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பாடமே இருந்தது.

சின்னம்மாவுக்குப் புத்தகத்தைக் காட்டி எல்லாம் சொல்லிவிடலாம் என்று தேடினேன். சரஸ்வதி பூசைக்கென்று அப்பா அதைத் தன்னுடைய புத்தகங்களோடு சாமி அறையில் அடுக்கி, பட்டுத் துணியால் மூடி, சந்தனம் வைத்துவிட்டார். பூசையில் வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது, வாசிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் பரீட்சை இருந்தாலும் நாங்கள் தொடமாட்டோம். ஊரை ஏமாற்றுவது எப்படி என்று சொல்லித் தந்த புத்தகத்துக்குத் தீபம் காட்டினார்கள், அவலும் கடலையும் படைத்தார்கள்.

விசயதசமி காலை அம்மன் கோயிலுக்குப் போனோம். ஏடு தொடக்க வந்த சின்னப் பிள்ளைகள் அரிசியில் விரல் வைக்க மாட்டோம் என்று கத்திக்கொண்டிருந்தன. சின்னம்மா விடிய எழும்பிக் குளித்து, எங்கள் வேலியில் பூத்திருந்த ஒரேயொரு சிவப்புச் செவ்வரத்தம்பூவையும் கொஞ்சம் வெள்ளை நந்தியாவட்டையையும் தன் கையாலேயே ஆய்ந்து தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வழக்கமாக ஐயர்தான் சிவப்பை ஓர் இலையிலும் வெள்ளையை ஓர் இலையிலும் பொதிந்து நாரால் கட்டுவார், இரண்டும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும். அம்மன் முன்னால் போட்டு ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார். எடுத்ததைப் பிரித்த பிறகு, ஒருவருக்கும் குறை இருக்கக் கூடாதென்று மற்றதையும் பிரித்துக் காட்டுவார். அன்றைக்கு ஐயருக்கு ஏடு தொடக்கும் வேலை. “நீங்கள் அதைப் பாருங்கோ ஐயா, இதை நான் கட்டிறன்,” என்று அப்பா தட்டத்தை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருந்தார். பூவரசம் இலையில் பொதிந்து கட்டினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்து இரண்டு பொட்டலங்களின் மேலும் விரலை வைத்தேன். செவ்வரத்தை பெரிய பூ, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு இலைக்குள்ளாலும் தட்டுப்படும். இரண்டிலும் தண்டு இல்லை. இரண்டும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தன. நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் தன்னுடைய கையைப் பார்க்கவில்லை, நான் சொல்லிக் கொடுத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை எடுத்தேன். எடுக்காமல் நிற்க எனக்கு ஏலாமல் இருந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா பிரித்தார். வெள்ளை. பெண்கள் “தாயே” என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் அப்பாவின் மற்றக் கை கீழே போய், மிச்சப் பொட்டலத்தை எடுத்து வேட்டி மடிப்புக்குள் செருகியது. அரைகுறையாகத்தான் செய்தார், பழகத் தொடங்கியவர்தானே, பெருவிரல் வெளியில் நின்றது. என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை.

“அப்பா, மற்றதையும் காட்டுங்கோ,” என்றேன்.

“அம்மன் சொன்னாப் பிறகு மற்றதை என்னத்துக்குப் பிள்ளை?”

“இல்லை, காட்டுங்கோ. ரெண்டும் வெள்ளை. ரெண்டும் வெள்ளை அப்பா!”

பக்கத்து வளவு மாமி என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் திருநீறு பூசினார். “வாக்கு வந்து போன பிள்ளை, கொஞ்ச நேரம் இப்பிடித்தான் தடுமாறும். தண்ணி குடுங்கோ,” என்றார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூத்தட்டத்தைத் தேடினேன். அருச்சனைத் தேங்காய்ப் பாதிக்கு அடியில், நசிந்து, சின்னம்மாவின் செவ்வரத்தம்பூ கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். சின்னம்மா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

“சின்னம்மா, இஞ்ச பாருங்கோ. நீங்கள் ஒரு பூத்தானே ஆய்ஞ்சனீங்கள். இது தட்டத்தில கிடக்கு. அப்ப பொட்டலத்துக்குள்ள சிவப்பு எப்பிடி இருந்திருக்கும்? அப்பா ரெண்டிலையும் வெள்ளைதான் வைச்சவர். நான் தடவிப் பாத்தனான். நீங்கள் போங்கோ சின்னம்மா.”

அவர் பூவை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டுக்கு முன்னால் வைக்கோலோடு போட்டார். “ஐயர் தந்த பூவாயிருக்கும். நீதானேயடி எடுத்தனீ. ஆட்டைக் கண்டுபிடிச்ச கை. உன்ர கை பிழைக்காது.”

“அது பொய் சின்னம்மா, அது வித்தை!”

“அவர் இருக்கிறார் எண்டு வந்திருக்கு,” என்றார். வாயைப் பொத்தாமல் சிரித்தார். அந்தச் சரிந்த பல்லை நான் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் கண்டதில்லை. என் கையை நம்பினார், வாயை நம்பவில்லை. மாடு அந்தப் பூவைத் தின்றுவிட்டது.

கலாசாலைக்குப் போய்ச் சேரும் நாள் வந்தது, போனது. சின்னம்மா அன்றைக்கும் பனாட்டுப் பாய்களை மழைக்கு முன் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து மற்றப் புத்தகங்கள் வெளியில் வந்தன. பச்சை அட்டைப் புத்தகம் பட்டுத் துணியோடு அப்பாவின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. “பூசையில வைச்ச சாமான், கண்டபாட்டுக்குத் திறக்கக் கூடாது,” என்றார். நான் அதற்குப் பிறகு எவருடைய கையையும் பிடிக்க மறுத்துவிட்டேன். பெரியபிள்ளை ஆகிவிட்டேன், அதனால் வாக்குப் போய்விட்டது என்று ஊர் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது.

பிறகு நான் யாழ்ப்பாணத்தில் படித்தேன். விடியப் பஸ்ஸுக்குப் போகும் எனக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தது சின்னம்மா. தலை பின்னி விட்டது அவர். அம்மாவுக்கு நெஞ்சு தடவிக்கொண்டு இரவு முழுக்க முழித்திருந்ததும் அவர். பல்கலைக்கழகம் கிடைத்துப் போன நாள், அப்பா என்னோடு பஸ்ஸில் வந்தார். கடலுக்கு நடுவால் போகும் அந்தத் தெருவில், இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளக்க, நான் அவரிடம் கேட்டேன்.

“அண்டைக்கு ரெண்டிலையும் வெள்ளைதானே வைச்சனீங்கள்?”

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். மறுக்கவில்லை. “அவ போயிருந்தால் குசினிக்குள்ள ஆர் நிண்டிருப்பினம்? நீதான் நிண்டிருப்பாய். இண்டைக்கு இந்த பஸ்ஸில இருப்பியே?” என்றார்.

அந்த பஸ்ஸில் போய்ப் படித்துப் பட்டம் எடுத்தேன். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் நான் உத்தியோகம் பார்த்தேன், பென்சன் எடுக்கிறேன், சனிக்கிழமைகளில் உங்களோடு வடை தின்கிறேன். அப்பா அதை எனக்காகச் செய்தார் என்று நினைக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் காலையில் சுடச்சுடத் தேத்தண்ணியும் மடித்த வேட்டியும் வேண்டும் என்பதற்காகவும் செய்தார். இரண்டையும் ஒரு முடிச்சில் கட்டத் தெரிந்தவர் அவர்.

ஆக, கேள்விக்குப் பதில். அந்தப் பழைய புத்தகங்கள் புதிதாய்ப் பழகுபவருக்குச் சரிவருமா? எங்கள் வீட்டில் ஒருவர் புதிதாகத்தான் பழகினார். ஒரேயொரு தடவை செய்தார். நன்றாகவே சரிவந்தது. உங்கள் பேரனுக்கு ஒரு காசைக் கொடுங்கள், ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுங்கள். விழுந்தால் சிரியுங்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுக்கச் சொல்கிறேன் என்று தொடங்கிவிட்டேன்.

அப்பா 1980களின் தொடக்கத்தில் செத்துப்போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த நாள், சின்னம்மா அலுமாரியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய பொருளை என் மடியில் வைத்தார். “உன்ர சாமான். உன்னட்டத் தாறதுதான் முறை,” என்றார். துணியில் சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. அதே ஈர மாவின் மணம்.

அப்போதுதான் முன்னுரையை வாசித்தேன். இந்த வித்தைகள் தொடக்கக்காரருக்கு அல்ல, முதலில் காசும் கயிறும் பழகி, சனங்கள் முன் பலமுறை தோற்றுவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இது வெறும் ஆட்டம் என்று சனங்களை நம்பவைக்கத் தெரியாதவர் இதைத் தொடவே கூடாது என்றும் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. சின்னம்மாவைப் பக்கத்தில் இருத்தி, கேள்வியைக் கட்டுகிற பாடத்தையும், துண்டு மாற்றுகிற பாடத்தையும், எடுக்காததை ஒருவரும் பார்க்க விடாதே என்ற இடத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இத்தனை வருஷமாக வாய்ச்சொல்லை நம்பாத மனுஷி, அச்சடித்த எழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அப்பா சொன்னதையும் சொன்னேன். உண்மையை நிரூபித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

சின்னம்மா அழவில்லை. அப்பாவைத் திட்டவில்லை. கலாசாலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

“அப்ப அண்டைக்கு அம்மன் ஒண்டும் சொல்லேல்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை சின்னம்மா.”

“அவர் இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை?”

நான் புத்தகத்தை மூடினேன். அவர் எழும்பி, துணியை உதறி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

அடுத்த நாள் காலை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். முகம் கழுவியிருந்தார், சீப்பால் தலை இழுத்திருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. வருஷக்கணக்காகக் குங்குமம் இருந்த இடத்தில் தோல் கறுத்து, ஒரு வட்டமாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆறப்போகுது, குடி,” என்றார் சின்னம்மா.